குதிரையேற்ற ஆசிரியர் ஆக எந்த நாட்டுச் சான்றிதழ்? பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ்

பிரான்ஸில் அரசுச் சான்றிதழ் இல்லாமல் காசு வாங்கிக்கொண்டு குதிரையேற்றம் சொல்லித்தருவது குற்றம். பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, 15,000 யூரோ வரை அபராதம் என்று அந்நாட்டு விளையாட்டுச் சட்டம் சொல்கிறது. கடலைத் தாண்டி பிரிட்டனுக்குப் போனால் கதையே வேறு. அங்கே குதிரைகளை வாடகைக்கு விடும் பள்ளிக்கு உள்ளாட்சியின் உரிமம் வேண்டும். ஆனால் அடுத்தவர் குதிரையில் அடுத்தவருக்கே பாடம் எடுக்கும் தனி ஆசிரியரிடம் சட்டம் எந்தத் தாளையும் கேட்காது. ஜெர்மனியிலும் 'ரைட்லேரர்' (சவாரி ஆசிரியர்) என்று யார் வேண்டுமானாலும் தன்னைச் சொல்லிக்கொள்ளலாம். இருந்தும் இந்த மூன்று நாட்டிலும் பயிற்சிக்கென்று பெரிய அமைப்பே இருக்கிறது. ஆசிரியர் ஆக நினைப்பவர் எதில் சேரலாம் என்று பார்ப்போம். டிரெஸ்ஸாஜ், அதாவது குதிரையை நுணுக்கமான அசைவுகளுக்குப் பழக்கி ஓட்டும் சவாரிக் கலை, சொல்லித்தர ஆசைப்படுகிறவரை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

பிரிட்டனில் இருந்து தொடங்கலாம், ஏனென்றால் நம் ஊர் ஆட்கள் முதலில் கேள்விப்படுவது அதைத்தான். 1947இல் உருவான பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி ஐந்து நிலைகளாகத் தேர்வு வைத்திருக்கிறது. அதற்கும் மேலே 'ஃபெல்லோ' என்ற பட்டம், அதை வாங்கியவர்கள் கொஞ்சம்பேர்தான். இத்தனை வருடம் படித்தாக வேண்டும் என்ற கணக்கு இதில் கிடையாது. எங்கேயாவது பயிற்சி எடுத்துவிட்டு, தேர்வு நாளன்று போய்ச் செய்துகாட்ட வேண்டும். குதிரைப் பராமரிப்பு, சவாரி, கற்பித்தல் மூன்றுக்கும் தனித்தனித் தேர்வு. ஒன்றில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். கையில் பணம் இருக்கும்போது ஒரு நிலை, அப்புறம் வேலை பார்த்துக்கொண்டே அடுத்தது என்று போகலாம். குடும்பஸ்தர்களுக்கு இதைவிட வசதியான வழி இல்லை.

இந்தியாவில் சவாரி பழகியவர்கள் இந்தத் தேர்வில் தடுமாறும் இடம் சேணத்தின் மேல் இல்லை, லாயத்தில். நம் கிளப்புகளில் சைஸ் எனப்படும் குதிரைக்காரர் குதிரையைத் தேய்த்து, சேணம் பூட்டி, கையில் கொண்டுவந்து கொடுப்பார். முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு லகானை அவரிடமே கொடுத்துவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுவோம். பத்து வருடம் ஓட்டியும் குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்யாதவர்கள் உண்டு. பிரிட்டிஷ் தேர்வோ முதல் நிலையிலேயே சாணி அள்ளுவதையும், இழுத்தால் சட்டென்று அவிழும்படி குதிரையைக் கட்டுவதையும் பார்க்கிறது. மேலே போகப்போக லாடம், தீவனக் கணக்கு, நொண்டலைக் கண்டுபிடிப்பது என்று நீளும். இதைச் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: குதிரைக்கு முதுகு வலிக்கிறதா, பிடிவாதம் பிடிக்கிறதா என்று தெரியாதவர் மாணவரை அடிக்கச் சொல்வார்.

கற்பித்தல் தேர்வின் குறியும் தொடக்க மாணவர்கள்தான். ஒரே மைதானத்தில் நாலு பேரை மோதாமல் ஓட்டவைப்பது, பயந்த குழந்தையை நீளக் கயிற்றில் வட்டமாக ஓடும் குதிரையில் உட்காரவைப்பது, பாடத்துக்கு ஒரு நோக்கம் வைத்துக்கொண்டு அது நிறைவேறியதா என்று கடைசியில் பேசுவது, இவற்றையெல்லாம் தேர்வாளர் கவனிப்பார். மூன்றாம் நிலையை முடித்தால் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். பழைய ஆட்கள் இதையே இன்னும் 'ஏ.ஐ.' (அசிஸ்டன்ட் இன்ஸ்ட்ரக்டர், உதவி ஆசிரியர்) என்பார்கள். சங்கத்தின் அங்கீகாரப் பட்டியலில் பெயர் வர முதலுதவி, குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி, காப்பீடு ஆகியவையும் வேண்டும். காப்பீடு இல்லாமல் பிரிட்டனில் யாரும் மைதானத்துக்குள் விடமாட்டார்கள் என்பதால், சட்டம் கேட்காததை நடைமுறை கேட்டுவிடுகிறது.

குறை எங்கே என்றால், டிரெஸ்ஸாஜில்தான். மூன்றாம் நிலை ஆசிரியர் நல்ல அடித்தளம் போடுவார். ஃப்ளையிங் சேஞ்ச் (குதிரை ஓடும்போதே முன்வைக்கும் காலை மாற்றுவது) சொல்லிக்கொடு என்றால் அது அவருடைய படிப்பில் இல்லை. நான்கு, ஐந்துக்குப் போக நன்றாகப் பழகிய குதிரை வேண்டும், அதற்கு நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும். நிறையப் பேர் மூன்றோடு நின்றுபோவதற்குத் திறமைக் குறைவு காரணமில்லை, இதுதான் காரணம்.

ஜெர்மனியில் இரண்டு வழிகள் உண்டு, இரண்டையும் ஆட்கள் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். ஒன்று கிளப்புகளுக்கானது. டிரெய்னர் சி, பி, ஏ என்று படிகள். சில வாரப் பயிற்சி, தேர்வு, பிறகு உரிமம். உரிமத்தை உயிரோடு வைத்திருக்க அவ்வப்போது தொடர்பயிற்சிக்குப் போக வேண்டும். இது வேறு வேலையில் இருந்துகொண்டு மாலையில் கிளப்பில் பாடம் எடுப்பவர்களுக்கு. மற்றது முழுநேரத் தொழில்: ஃபெர்டேவிர்ட். தச்சர், பேக்கரிக்காரர் போலவே அரசு அங்கீகரித்த தொழிற்பயிற்சி அது. மூன்று வருடம், ஒப்பந்தம், மாதச் சம்பளம், இடையே தொழிற்பள்ளி. ஐந்து பிரிவுகளில் நமக்குத் தேவையானது 'கிளாசிக்கல் சவாரிப் பயிற்சி' என்ற பிரிவு. முடித்து அனுபவம் சேர்த்தபின் மைஸ்டர் என்ற மேல்நிலைத் தொழில் தேர்வு எழுதலாம்.

சம்பளம் என்றேனே, ஆசைப்பட வேண்டாம். தொழிற்பயிற்சிக்கான சட்டக் குறைந்தபட்சம் 2020இல் வந்தபோது முதல் வருடத்துக்கு மாதம் 515 யூரோ. 2025இல் சேர்ந்தவர்களுக்கு 682. இடத்துக்கு இடம் கூடலாம். ஆனாலும் கற்றுக்கொள்ள நாம் பணம் கட்டும் பிரிட்டிஷ் வழிக்கும், கற்றுக்கொள்ள நமக்குக் கொஞ்சமாவது கொடுக்கும் இந்த வழிக்கும் வித்தியாசம் பெரிது. பதிலுக்கு உடம்பு உழைக்க வேண்டும், ஜெர்மன் மொழி வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் பொதுவாக பி1 என்ற நடுத்தர மொழி நிலையை எதிர்பார்ப்பார்கள். தொழிற்பள்ளியில் குதிரையின் செரிமானத்தை ஜெர்மனில் எழுத பி1 போதாது என்பது என் கருத்து.

டிரெஸ்ஸாஜுக்கு ஜெர்மனி ஏன் என்பதற்குக் காரணம், அங்கே எல்லோரும் ஒரே ஏணியில் ஏறுவதுதான். தாளம், தளர்வு, கடிவாளத்தோடு சீரான தொடர்பு, உந்துதல், நேராகப் போதல், கடைசியில் கலெக்‌ஷன் — குதிரை எடையைப் பின்னங்கால்களில் ஏற்றிக்கொள்வது. ராணுவச் சவாரிக் கையேடுகளில் வளர்ந்த இந்த ஆறு படிகளைச் சின்ன ஊர் கிளப் ஆசிரியரும் பேசுவார், ஒலிம்பிக் பயிற்சியாளரும் பேசுவார். ஒரு மாணவர் லாயம் மாறினாலும் பாடம் மாறாது. குதிரை தலையைத் தூக்கினால் அனுபவமில்லாத ஆசிரியர் 'கையை இறுக்கு' என்பார். இந்தப் படிகள் ஊறியவர் முதலில் தாளம் இருக்கிறதா என்று பார்ப்பார்.

நம் நாட்டு டிரெஸ்ஸாஜ் ஆட்களும் அங்கேதான் போனார்கள். அனுஷ் அகர்வாலா பதின்பருவத்திலேயே ஜெர்மனிக்குப் போய் டிரெஸ்ஸாஜ் பயிற்சியாளர் ஹுபர்டுஸ் ஷ்மிட்டிடம் பழகியவர். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்குத் தங்கம் வாங்கித்தந்த நால்வரில் ஒருவர். தனிநபர் வெண்கலமும் அவருக்கே. குதிரையேற்றத்தில் இந்தியா 1982க்குப் பிறகு வாங்கிய முதல் தங்கம் அது. மறு வருடம் பாரிஸில், ஒலிம்பிக் டிரெஸ்ஸாஜில் இறங்கிய முதல் இந்தியரும் அவர்தான். ஆனால் அவர் போனது போட்டியாளராக. அந்த வழியில் போனால் பதக்கம் வரலாம், ஆசிரியர் சான்று தானாக வராது. வீட்டில் பேசும்போது இரண்டையும் கலக்காதீர்கள்.

இதே காரணத்தால்தான் வியன்னாவின் ஸ்பானிஷ் சவாரிப் பள்ளியை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. 1735இல் கட்டிமுடித்த அந்த வெள்ளை மண்டபம், லிபிட்சானர் குதிரைகள், அங்கவடி இல்லாமல் உட்காரும் பயிற்சி எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். 2008 வரை பெண்களைச் சவாரிப் பயிற்சிக்கே எடுக்கவில்லை. முழுச் சவாரியாளர் ஆவதற்குள் பத்து வருடம் ஓடிவிடும். வேலைக்கு விண்ணப்பிக்கும் ஆசிரியருக்கு அது வழியே இல்லை.

பிரான்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே வேலை செய்ய வேண்டுமானால் பொதுவாக பேபேஜெப்ஸ் என்ற அரசு டிப்ளமோவும், அதை வைத்து வாங்கும் தொழில் அட்டையும் வேண்டும். ஏறக்குறைய ஒரு வருடப் படிப்பு. 'கலோ' என்ற ஏழு படிச் சவாரித் தேர்வில் மேல்படிகளை முன்பே முடித்திருக்க வேண்டும். அதற்கு மேலே சோமூர் நகரிலுள்ள தேசியக் குதிரையேற்றப் பள்ளியின் புகழ்பெற்ற ஆசிரியர் குழுவான காத்ர் நுவார் வரை பாதை போகிறது. பிரெஞ்சு தெரிந்தவருக்குச் செலவும் நேரமும் பார்த்தால் நல்ல பேரம். புதுச்சேரி வழியாகப் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இன்னொரு லாபம்: ஐரோப்பியக் குடிமக்கள் என்பதால் ஜெர்மனியில் தொழிற்பயிற்சிக்குச் சேரவும் விசா தொல்லை இல்லை.

சரி, திரும்பி வந்து இந்தியாவில் சொல்லித்தர நினைக்கிறவர் என்ன செய்வது? இங்கே பள்ளிகளில் கிடைப்பவை பெரும்பாலும் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகள். வேகத்துக்கே பழக்கப்பட்டவை, லகானை இழுத்தால் நிற்காமல் இன்னும் ஓடும். ஜெர்மன் லாயத்தில் விளையாட்டுச் சவாரிக்கென்றே வளர்க்கும் நிதானமான வார்ம்பிளட் வகைக் குதிரையில் கற்றதை அப்படியே இதன்மேல் போட முடியாது. மாணவர்களோ பெரும்பாலும் முதல்முறை ஏறுபவர்கள், அல்லது பள்ளி விடுமுறைக்கு வரும் பிள்ளைகள். சக ஆசிரியர்கள் பலர் ராணுவக் குதிரைப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். சவாரியில் உங்களைவிட உறுதியாக இருப்பார்கள். அவர்களிடம் பொதுவாக இல்லாதது பாடத்திட்டமும் குழந்தைப் பாதுகாப்பும். ஆகவே ஊருக்குத் திரும்புகிறவருக்கு என் ஓட்டு பிரிட்டிஷ் மூன்றாம் நிலைக்கு. டிரெஸ்ஸாஜ் மோகம் அடங்காதவர் அதோடு ஒரு வருடம் ஜெர்மன் லாயத்தில் வேலை செய்து கற்கலாம்.

ஐரோப்பாவிலேயே இருக்கப்போகிறவர், இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர், மொழிக்குப் பயப்படாதவர் என்றால் யோசிக்காமல் ஃபெர்டேவிர்ட். ஒரே எச்சரிக்கை, லாயத்தைத் தேர்ந்தெடுப்பதில். தொழில் பழகுபவர் என்ற பெயரில் மூன்று வருடமும் சாணி அள்ளவைக்கும் இடங்கள் இருக்கின்றன. ஒப்பந்தத்துக்கு முன் சில நாள் சோதனை வேலைக்குக் கூப்பிடுவது அங்கே வழக்கம். அவர்கள் உங்களைப் பார்க்கிற அதே நாட்களில் நீங்கள் அவர்களைப் பாருங்கள். இரண்டாம் வருடத்தில் இருப்பவரைத் தனியாகப் பிடித்து, நேற்று எத்தனை குதிரை ஓட்டினாய், உனக்குக் கடைசியாக எப்போது பாடம் எடுத்தார்கள், சென்ற முறை தேர்வு எழுதியவர் தேறினாரா என்று கேளுங்கள். முதலாளியிடம் கேட்டால் வேறு பதில் வரும்.