ரேடார் 30 என்கிறது, மழைமானி 52 என்கிறது: யாரை நம்புவது?

ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்த மழை. ரேடார் கணக்கு 30 மில்லிமீட்டர். அதே இடத்தில் இருக்கும் மழைமானி 52 மில்லிமீட்டர். பெரும்பாலானோர் யோசிக்காமல் மழைமானி பக்கம் போய்விடுவார்கள். தண்ணீரைக் கையில் பிடித்து அளந்தது அதுதானே! நானும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தேன். இப்போது அவ்வளவு சீக்கிரம் கட்சி சேர்வதில்லை.

முதலில் ரேடார். அது மழையை அளப்பதே இல்லை. ரேடியோ அலையை அனுப்புகிறது, துளிகளில் பட்டுத் திரும்பி வருவது எவ்வளவு என்று பார்க்கிறது, அவ்வளவுதான். அந்த எதிரொலி துளியின் விட்டத்தின் 6-ஆம் அடுக்கைப் பொறுத்தது. 2 மில்லிமீட்டர் துளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1 மில்லிமீட்டர் துளிகள் 64 சேர்ந்தால்தான் அதற்கு ஈடான எதிரொலி வரும். ஆனால் தண்ணீர்? பெரிய துளியில் இருப்பது சின்னத் துளி எட்டின் நீர்; அந்த 64 துளிகளில் இருப்பதோ அதைப் போல எட்டு மடங்கு. எதிரொலி ஒன்றே, தண்ணீர் மட்டும் எட்டு மடங்கு வித்தியாசம். ரேடாரின் தலைவலி எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

எதிரொலியை மழையாக மாற்ற ஒரு சூத்திரம் வேண்டும். 1948-இல் மழைத்துளிகளின் அளவுப் பரவலைப் பற்றி எழுதிய மார்ஷல், பாமர் இருவரின் பெயரில் வழங்கும் சூத்திரத்தில் 40 டிபிஇசட் (எதிரொலியின் வலிமையைச் சொல்லும் அலகு) எதிரொலியைப் போட்டால் மணிக்குச் சுமார் 12 மில்லிமீட்டர் வரும். வெப்பமண்டல மழைக்கென அமெரிக்க ரேடார்களில் வைத்திருக்கும் சூத்திரத்தில் அதே 40-ஐப் போட்டால் 22-ஐ நெருங்குகிறது. மேகம் மாறவில்லை, ரேடார் மாறவில்லை, சூத்திரம்தான் மாறியது.

அப்புறம் தூரம். பூமி வளைந்திருக்கிறது, அலைக்கற்றையையும் அரை டிகிரி தூக்கித்தான் விடுகிறார்கள். அதனால் 100 கிலோமீட்டர் தள்ளி அது தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரத்திலும், 200 கிலோமீட்டரில் 4 கிலோமீட்டருக்கு மேலும் போய்க்கொண்டிருக்கும். அங்கே பார்த்த மழை கீழே வருவதற்குள் பாதி ஆவியாகலாம், காற்றில் பக்கவாட்டில் நகரலாம். பனித்துகள் உருகத் தொடங்கும் அடுக்கில் கற்றை பட்டால் இன்னொரு கூத்து: நீர் போர்த்திய துகள்கள் ராட்சதத் துளிகளைப் போல மின்னி, இல்லாத மழையை இருப்பதாகக் காட்டும்.

கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் இரு அலைகளை அனுப்பும் இருமுனைவாக்க ரேடார்கள் இதில் கொஞ்சம் கைகொடுக்கின்றன. பெரிய துளி விழும்போது தட்டையாகிவிடும்; இரு அலைகளையும் ஒப்பிட்டால் அந்தத் தட்டைத்தனம் தெரியும், துளியின் அளவை ஊகிக்கலாம். ஆனால் கற்றையின் உயரத்துக்கு அதனிடமும் மருந்து கிடையாது.

சரி, மழைமானி? வாய்ப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் உள்ள மானியில் 1 மில்லிமீட்டர் மழைக்கு 20 மில்லிலிட்டர் நீர் சேரும். இதில் ஊகத்துக்கு இடமில்லை. ஆனால் அந்த வாய் ஒரு சதுர கிலோமீட்டரில் 5 கோடியில் ஒரு பங்கு. தெருவின் ஒரு முனை நனைந்து மறுமுனை காய்ந்து கிடக்கும் இடிமழையில், அந்த ஒரு பங்கு ஊர் முழுவதற்கும் சாட்சி சொல்கிறது.

அந்தச் சாட்சியும் சுத்தமானதல்ல. காற்று அடித்தால் மானியின் விளிம்பில் சுழல் உண்டாகித் துளிகளை வெளியே தள்ளும். 1861-லேயே ஜெவன்ஸ் இதை எழுதிவிட்டார். பின்னாளில் பொருளாதார அறிஞராகப் பெயர் பெற்ற அதே ஜெவன்ஸ்தான். மழையில் சில சதவீதம் போகும், பனிப்பொழிவில் பாதிகூடப் போகலாம். தானியங்கி மானிகளில் குட்டி வாளி ஒன்று 0.2 மில்லிமீட்டர் நிறைந்ததும் கவிழ்ந்து, மறுபக்க வாளிக்கு இடம் விடும். அடைமழையில் அது கவிழ்ந்துகொண்டிருக்கும் அந்த நொடிக்குள் விழும் நீர் கணக்கில் ஏறாது. ஆக, மழை எப்போது பலமோ அப்போதுதான் மானி குறைத்துச் சொல்லும்.

ஒருமுறை ஒரு தானியங்கி மானியின் பதிவில், ரேடார் வானம் வெளுத்ததைக் காட்டிய பிறகும் மூன்று மணி நேரம் 0.2, 0.2 என்று ஒரே இடைவெளியில் மழை வந்துகொண்டே இருந்தது. தூறல் என்றே எண்ணினேன். கடைசியில் பார்த்தால், புனலின் துளையை ஓர் இலை அடைத்திருந்தது. தேங்கிய நீர் மெல்லக் கசிந்து வாளியை நிரப்பியிருக்கிறது. மொத்த அளவு கிட்டத்தட்ட சரி, நேரம் முழுக்கத் தப்பு. பிடித்துக் கொடுத்தது ரேடார்தான்.

ஆகவே என் தேர்வு கேள்வியைப் பொறுத்தது. மாத மொத்தமோ, முப்பது ஆண்டுப் போக்கோ வேண்டுமானால் மழைமானிதான், பேச்சே இல்லை. இன்னும் அரை மணியில் எந்த ஓடை பெருக்கெடுக்கும் என்று தெரிய வேண்டுமானால் ரேடார். அளவு ஒன்றரை மடங்கு தப்பினாலும் இடத்தையும் நகர்வையும் அது காட்டிவிடும். மானிகளின் இடைவெளியில் விழும் மழையை வேறு யார் பார்ப்பது? செயற்கைக்கோள் கணக்கு கடலுக்கும் இரண்டும் இல்லாத நிலப்பரப்புக்கும் உதவும், ஒரு சின்ன ஓடைக்கு அது ரொம்பப் பருமன்.

இரண்டையும் சேர்ப்பதுதான் இன்றைய வழக்கம்: வடிவத்தை ரேடாரிடமிருந்து எடுத்து, அளவை மானிகளைக் கொண்டு திருத்துவது. ஆனால் இலை அடைத்த ஒரு மானி உள்ளே புகுந்தால், சுற்றியுள்ள நல்ல ரேடார் கணக்கும் கெடும். அதனால் 30-க்கும் 52-க்கும் இடையே தீர்ப்புச் சொல்லும் முன் நான் அக்கம்பக்கத்து மானிகளைப் பார்ப்பேன். எல்லாமே ரேடாரைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு காட்டினால் சூத்திரத்திலோ ரேடாரின் அளவுத்திருத்தத்திலோ கோளாறு. இது ஒன்று மட்டும் தனித்து நின்றால், இடிமேகம் சரியாக அதன் தலைமேல் கொட்டியதா, மானியே கெட்டிருக்கிறதா என்று நிமிடவாரிப் பதிவைத் திறக்க வேண்டியதுதான்.