புல்லட், யெஸ்டி, ஆர்.எக்ஸ். 100: வீட்டில் பிரித்து மாட்ட எது?

பழைய பைக் ஒன்றை வாங்கி வீட்டிலேயே பிரித்துப் புதுப்பிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த வண்டி நல்ல வண்டி என்றுதான். மூன்றுமே நல்ல வண்டிகள். அதில் சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. இந்த வண்டியில் எத்தனை வேலை என் கையை விட்டு வெளியே போகும் என்று கேட்டுப் பாருங்கள். லேத் பட்டறைக்கும், இறுகிய பாகங்களை அழுத்திப் பிரிக்கும் பிரஸ் இயந்திரம் வைத்திருப்பவருக்கும், முலாம் போடுகிறவருக்கும் போகும் ஒவ்வொரு பாகமும் அங்கே வரிசையில் காத்துக் கிடக்கும். நாமும் காத்துக் கிடப்போம். தார்ப்பாய்க்கு அடியில் வருடக்கணக்கில் எலும்புக்கூடாக நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை, இப்படி வெளியே போன ஏதோ ஒரு பாகம் திரும்பி வராததால் நின்றவை.

மூன்றும் மூன்று ஊர்க் கதை. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டுடன் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூரில் புல்லட் பிறந்தது. மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961-ல் செக் நாட்டு ஜாவாவைத் தயாரிக்கத் தொடங்கி, எழுபதுகளில் அதற்கு யெஸ்டி என்று பெயர் மாற்றி, 1996-ல் கதவை மூடியது. எஸ்கார்ட்ஸும் யமஹாவும் சேர்ந்து 1985-ல் கொண்டுவந்த ஆர்.எக்ஸ். 100-இன் ஓட்டமும் அதே 1996-இல்தான் முடிந்தது. புகைக் கட்டுப்பாடு இறுகிய காலம் அது. பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்து எரிக்கும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இறங்குமுகம் தொடங்கியிருந்தது; யெஸ்டியும் ஆர்.எக்ஸ். 100-உம் அந்த வகை.

முதலில் புல்லட். வார்ப்பிரும்பு சிலிண்டரும் வலது கால் கியரும் உள்ள பழைய 350-ஐச் சொல்கிறேன். 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சி.சி. இத்தனை நீளமான ஸ்ட்ரோக்குக்கு வெறும் 18 குதிரைத் திறன்தான். அவ்வளவு குறைவாக வாங்கிக்கொள்வதால்தான் அந்த எஞ்சின் நம்மைப் போன்றவர்களின் கையையும் பொறுத்துக்கொள்கிறது. வால்வு, புஷ்ராடு, ஆயில் பம்ப் என்று பாகங்கள் மூன்றிலும் இதில்தான் அதிகம். எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இதைத் துண்டு துண்டாகச் செய்யலாம் என்பதுதான் இதன் பெரிய வசதி. கியர்பாக்ஸ் தனிப் பெட்டியாக எஞ்சினுக்குப் பின்னால் போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதைத் திறக்க எஞ்சினைத் தொட வேண்டியதில்லை. எஞ்சினைத் திறக்க அதன் பற்சக்கரங்களைக் கலைக்க வேண்டியதில்லை. ஒரு ஞாயிறு டைமிங் பக்கம், அடுத்த ஞாயிறு கிளட்ச் பக்கம் என்று பங்கு போட்டுக்கொள்ளலாம்.

டாப்பெட் வைப்பதற்கு, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வதற்கு, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ்கூட வேண்டாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பிஸ்டனை அழுத்தத்தின் உச்சிக்குக் கொண்டுவந்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, புஷ்ராடை இரு விரலால் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் அசையக் கூடாது. அவ்வளவுதான் அளவு. பிரியும்போது மின்பொறியை உண்டாக்கும் பாயிண்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. பாயிண்ட் எந்த நொடியில் பிரிகிறது என்று பார்க்க, நடுவில் ஒரு மெல்லிய சிகரெட் தாளைச் செருகி மெதுவாக இழுத்தபடி எஞ்சினைச் சுற்ற வேண்டும். தாள் விடுபடும் இடமே பொறி பிறக்கும் இடம். ஸ்டார்ட் செய்கிற முறையிலும் இதே கணக்கு உண்டு. சாவியைப் போட்டு கிக்கரை மெல்ல அழுத்தினால் ஒரு கட்டத்தில் எதிர்த்து நிற்கும். ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வந்திருந்தால் சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இறக்கி, விட்டுவிட்டு, முழுதாக ஓர் உதை. முறை தெரியாமல் உதைத்துக் கணுக்காலில் வாங்கியவர்கள் வண்டியைத் திட்டுவார்கள்.

மாட்டிவிடும் கண்ணிகள் இரண்டு மட்டும் இதில் உண்டு. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கின் டைமிங் பக்க முனையில் ஆயில் பம்பை ஓட்டும் புழுப்பல் நட்டுக்கு இடது மரை. இதை அறியாமல் பலம் கொண்ட மட்டும் திருகினால் முறியும்; முறிந்தால் அந்தப் பக்கத்துக் கிராங்க் தண்டே வெளியே போகும். அடுத்தது, நெடுநாள் நின்ற புல்லட்டில் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் அறையில் தேங்கிவிடும். ஸ்டார்ட் செய்ததும் தெருவே மறைகிற அளவுக்குப் புகைக்கும். பிஸ்டன் போச்சு, சிலிண்டரைக் கடைந்து போர் அடிக்க வேண்டும் என்று உடனே ஆள் சொல்லிவிடுவார்கள். தேங்கியதை வடித்துவிட்டு, கொஞ்சம் ஓட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

புல்லட்டில் கட்டாயம் வெளியே போக வேண்டியவை: போர் அடிப்பது, வால்வு சீட் வெட்டுவது, கனெக்டிங் ராடு மாற்றி இரு ஃபிளைவீல்களையும் டயல் கேஜில் நேர் பார்ப்பது. மூன்றுக்கும் தமிழ்நாட்டின் எந்த நடுத்தர ஊரிலும் ஆள் இருக்கிறார். உதிரி பாகத்துக்குச் சென்னையின் ஜி.பி. ரோடோ புதுப்பேட்டையோ போக வேண்டும் என்றுகூட இல்லை. இந்த எஞ்சின் குடும்பம் 2000-களின் இறுதிவரை ஆலையிலிருந்து வந்துகொண்டே இருந்ததால் மாவட்டத் தலைநகரக் கடையிலேயே பாதி கிடைக்கும். தரம்தான் கடைக்குக் கடை மாறும்; வால்வு கைடையும் பாயிண்டையும் விலை பார்த்து வாங்காதீர்கள்.

யெஸ்டி இதற்கு நேர் எதிர். 250-இல் வால்வு இல்லை, புஷ்ராடு இல்லை, ஆயில் பம்பும் இல்லை. ஒற்றைச் சிலிண்டர், 65 மி.மீ. போர், 75 மி.மீ. ஸ்ட்ரோக், இரண்டு சைலன்சர். ஹெட்டையும் சிலிண்டரையும் எடுக்கப் பெரிய சாமான் எதுவும் தேவைப்படாது. எஞ்சினை ஒருவராகவே ஃபிரேமிலிருந்து இறக்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிடலாம். மேசைக்குச் சொந்தக்காரர் சம்மதித்தால். கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே என்பது தெரியாதவர்களுக்கு இன்றும் வேடிக்கை. லீவரை உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர். உதைத்து முடித்து மடக்கினால் கியர். கியர் லீவரை மிதிக்கும்போதே கிளட்ச் தானாக விடுபடும் ஏற்பாடும் அந்தக் காலத்திலேயே இருந்தது.

பாகம் குறைவு என்பதால் வேலை எளிது என்று நினைத்து இறங்குகிறவர்களை யெஸ்டி மாட்டிவிடுவது கிராங்கில்தான். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறையே ஒரு பம்ப். அதன் இரு பக்க ஆயில் சீலும் காற்றை அடைக்க வேண்டும். டைனமோ பக்கச் சீல் தேய்ந்தால் வெளிக்காற்று உள்ளே வந்து, கைப்பிடியை விட்ட பிறகும் எஞ்சின் சீறிக்கொண்டே இருக்கும்; கார்புரேட்டரைக் குற்றம் சொல்லி ஜெட் ஜெட்டாக மாற்றிக்கொண்டிருப்போம். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். வெள்ளைப் புகை நிற்காது, கியர்பாக்ஸில் ஆயில் மட்டம் மர்மமாக இறங்கும். பெட்ரோலில் அதிகம் ஆயில் கலந்துவிட்டோம் போலிருக்கிறது என்று லிட்டருக்கு 40 மி.லி.யை 30 ஆக்குவதும், பிறகு 20 ஆக்கிப் பிஸ்டனைப் பிடிக்க வைப்பதும் இதைக் கண்டுபிடிக்காதவர்கள் போகும் வழி. கனெக்டிங் ராடு ஆடினால் கிராங்கைப் பிரஸ்ஸில் பிரித்து, மாற்றி, மறுபடி அழுத்தி நேராக்க வேண்டும். அதை வீட்டில் சுத்தியலால் முயல்வது தற்கொலை. நல்ல பிரஸ்காரர் மைசூரிலோ பெங்களூரிலோ கிடைப்பார்; உங்கள் ஊரில் இருந்தால் அதிர்ஷ்டம்.

2018-க்குப் பிறகு வந்த புதிய ஜாவாக்களும், 2022-இல் வந்த புதிய யெஸ்டியும் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள். அவற்றின் கடையில் போய்ப் பழைய வண்டிக்குப் பாகம் கேட்டுப் பயனில்லை. ஜூலை இரண்டாம் ஞாயிறு ஜாவா தினம் என்று ஊருக்கு ஊர் கூடுகிறார்களே, அங்கே போய் நில்லுங்கள். யாரிடம் எந்தப் பாகம் பழைய டப்பாவில் இருக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

ஆர்.எக்ஸ். 100-இன் எஞ்சின் மூன்றிலும் சின்னது, எளியது. 50 மி.மீ. போர், 50 மி.மீ. ஸ்ட்ரோக், 98 சி.சி., 11 குதிரைத் திறன். ஆயிலுக்குத் தனித் தொட்டியும் பம்பும் இருப்பதால் கலக்கும் வேலையும் இல்லை. புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. ஆனாலும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். சிக்கல் வண்டியிடம் இல்லை, அதை முன்பு வைத்திருந்த கைகளிடம். போர்ட்டுகளை அரத்தால் அகலமாக்கியது, ஆர்.எக்ஸ். 135-இன் சிலிண்டர் பிளாக்கை ஏற்றியது, சைலன்சரின் உள்குழலைப் பிடுங்கியது, ஆயில் பம்பைக் கழற்றி எறிந்தது என்று, சந்தைக்கு வருகிற பத்து வண்டியில் ஒன்பதில் ஏதாவது ஒரு திருவிளையாடல் நடந்திருக்கும். தேய்த்து எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. நல்ல பழைய சிலிண்டர் தேட வேண்டும். இத்தனைக்கும் நல்ல நிலையில் உள்ள ஒன்றுக்கு லட்சத்தைத் தாண்டிக் கேட்கிறார்கள். திருட்டு வண்டி, சேஸிஸ் எண் மாற்றிக் குத்திய வண்டி என்கிற பயமும் இதில்தான் அதிகம்.

ராஜ்தூத் 350 பற்றியும் யாராவது கேட்பார்கள். இரட்டைச் சிலிண்டர், ஆறு கியர், அழகான வண்டி. பாகம் தேடுவதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்களுக்கு விட்டுவிடலாம்.

இனி, உள்ளபடி புதுப்பிப்பதா, நம் இஷ்டத்துக்கு மாற்றுவதா என்கிற சண்டை. பின்பக்க ஃபிரேமை அறுத்து, ஒற்றை சீட் போட்டு, கஃபே ரேசர் என்று பெயர் வைக்கும் மோகத்துக்குப் புல்லட்தான் அதிகம் பலியாகிறது. ஆலையின் வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதை உறுதியாகவே சொல்லியிருக்கிறது. சட்டத்தை விடுங்கள், கணக்கு பாருங்கள். 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவு நடந்து 50 ஆண்டு தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டியைப் பாரம்பரிய வாகனமாகப் பதியலாம். புதிதாகப் பதிவதற்குக் கட்டணம் 20,000 ரூபாய், வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனி எண் வரிசை, பத்தாண்டு செல்லுபடி. அப்படிப் பதிந்த வண்டியில் தினமும் அலுவலகம் போக முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு மாதிரியான காரணங்களுக்கு மட்டும் சாலையில் வரலாம். அறுபதுகளின் மைசூர் ஜாவாவுக்கும் திருவொற்றியூரின் தொடக்ககாலப் புல்லட்டுக்கும் இந்தக் கதவு இப்போதே திறந்திருக்கிறது. ஆர்.எக்ஸ். 100-இல் மூத்ததுக்குக்கூட 2035 வரை காத்திருக்க வேண்டும். ஃபிரேமில் அரம்பம் விழுந்த வண்டிக்கு எந்த ஆண்டிலும் இல்லை.

ஆகவே போல்ட்டில் கழன்று போல்ட்டிலேயே திரும்புகிற மாற்றங்களை மட்டும் செய்யுங்கள்: ஹேண்டில்பார், சீட், ஹெட்லைட், மட்கார்டு. கழற்றிய பழையதை எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டி வையுங்கள். இந்த விளையாட்டுக்கு மூன்றிலும் இடம் கொடுப்பது புல்லட்தான். யெஸ்டி, ஜாவாவின் அழகே டேங்கின் குரோம் பக்கங்களும் அதில் ஓடும் மெல்லிய கோடும். அதை மறைத்துக் கறுப்புப் பூசியவர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. குரோம் முலாம் வீட்டு வேலை அல்ல, அதன் ரசாயனம் நஞ்சு. கையை விட்டு வெளியே போகும் வேலைப் பட்டியலில் யெஸ்டிக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங் செய்தால் நெடுநாள் உழைக்கும். ஆனால் சேஸிஸ் எண் இருக்கும் இடத்தைக் கட்டாயம் மறைத்துவிட்டுப் பூசச் சொல்ல வேண்டும். தடித்த பூச்சுக்கு அடியில் எண் மங்கினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படாத பாடு படுவீர்கள். பட்டி வைத்து நிரவிய டேங்குக்குப் பவுடர் கோட்டிங் ஆகாது. சூளையின் சூட்டில் பட்டி பெயர்ந்துவிடும். டேங்குக்குச் சாதாரணப் பெயிண்ட்டே சரி.

டேங்கின் உட்துருவை வீட்டிலேயே எடுக்கலாம். பெட்ரோல் நெடியே இல்லாமல் நன்றாகக் கழுவி, தண்ணீரில் சலவைச் சோடா கரைத்து நிரப்பி, டேங்கின் வெளிப்பக்கத்தில் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ், டேங்கைத் தொடாமல் உள்ளே தொங்கும் சாதா இரும்புக் கம்பியில் பாசிட்டிவ் கொடுத்தால், துரு கறுத்துப் பொடியாக உதிரும். துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியைக் கம்பிக்குப் பதிலாக விடாதீர்கள், நச்சு குரோமியம் கரையும். ஹைட்ரஜன் கிளம்பும் என்பதால் மொட்டைமாடிதான் இதற்கு இடம்.

என் தீர்ப்பு இதுதான். முதல் வண்டி என்றால் புல்லட். ஓரளவு கை தேறியபின், பாகத்துக்காக அலையும் பொறுமையும் நம்பகமான ஒரு பிரஸ்காரரும் கிடைத்தபின் யெஸ்டி. ஆர்.எக்ஸ். 100, உங்கள் வீட்டிலேயே அப்பாவோ மாமாவோ வாங்கி, வேறு கை படாமல் நிற்கிறது என்றால் மட்டும். எதை வாங்கினாலும் எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தை வாங்கி, எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் துணியால் துடைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். பழைய பதிவுகள் பல இணையத்தில் ஏறாமல் இருக்கும். அதை ஏற்றித் தரும் பொறுப்பை விற்பவரிடமே விட்டுவிட்டு, வேலை முடிந்த பிறகு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள். பிஸ்டன் பிடித்து அசையாமல் நிற்கும், காகிதம் சரியாக உள்ள வண்டிக்கு நான் பணம் தருவேன். ஒரே உதையில் கிளம்பும், காகிதம் இல்லாத வண்டியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தாலும் வேண்டாம்.