வெள்ளவத்தையில் வாங்கிய கடல் வலய வரைபடம்

வெள்ளவத்தைப் புத்தகக் கடையொன்றில் வாங்கிய இந்தச் சுவர் வரைபடம், இலங்கையின் 12 கடல்மைல் ஆட்புலக் கடலையும் 200 கடல்மைல் வரையான தனிப் பொருளாதார வலயத்தையும் இருவேறு நீலங்களில் காட்டுவதால், 1982 ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்டச் சமவாயத்தைப் பாடமாக மட்டும் படித்த என் மகளுக்கு, அரசின் இறைமை எங்கே முடிகிறது, அதற்கப்பால் வளங்கள் மீதான உரிமை எதுவரை நீள்கிறது என்பது உடனே விளங்கியது. பாக்கு நீரிணையே இதன் சிறப்பு: 1974 இந்திய-இலங்கை உடன்படிக்கையின் கடல் எல்லைக்கோடு கச்சதீவுக்குச் சற்று மேற்கே செல்வது தெளிவாகத் தெரிகிறது, எல்லை தாண்டும் இழுவைமடிப் படகுகளைப் பற்றிப் பேசுவோர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். கடதாசி மெல்லியது, மடித்த இடத்தில் மன்னார் வளைகுடாவின் ஆழ எண்கள் ஏற்கெனவே அழிந்துவிட்டன. 200 கடல்மைலுக்கு அப்பாலும் கடலடி நிலத்தின் மீது உரிமை கேட்டு 2009 இல் இலங்கை சமர்ப்பித்த கண்டமேடைக் கோரிக்கையைச் சேர்க்காதது பெருங்குறை. ஆயினும், தமிழிலேயே பெயர்கள் அச்சிடப்பட்டிருப்பதற்காக இன்னொரு பிரதியைப் பாடசாலைக்கு வாங்கினேன்.