பத்துமலைக்கு நடப்பவர்களுக்குப் பொட்டலமா, பந்தலா?

தைப்பூசத்தை ஒட்டி இரவில் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பியதும் கூடவே ஏராளமானவர்கள் பத்துமலை வரை நடக்கிறார்கள், அவர்களுக்குச் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கொடுப்பதா, பந்தல் போட்டுச் சுடச்சுடப் பரிமாறுவதா என்று எங்கள் வீட்டில் வருடா வருடம் பேச்சு வரும்.

பொட்டலம் சுலபம். வீட்டிலேயே கட்டி, நடப்பவர் கையில் கொடுத்துவிடலாம், அவர் நிற்கக்கூட வேண்டாம். ஆனால் சாயங்காலம் கட்டிய சோறு நம் ஊர் வெக்கையில் நள்ளிரவு வரை தாங்குவது கஷ்டம், தேங்காய் சேர்த்தது என்றால் சொல்லவே வேண்டாம், புளிசாதம்தான் கொஞ்சம் நிற்கும். அப்புறம் அந்தக் குப்பை! வெறுங்காலோடு வருகிறவர்கள் சிந்திய சோற்றை மிதித்துப் போவதைப் பார்த்தால் மனசு தாங்காது.

பந்தலுக்கு இடம், அனுமதி, தண்ணீர், கேஸ், ஆள் எல்லாம் வேண்டும். சரி, ஆனாலும் கேட்கிற அளவுதான் போடுகிறோம், வீணாவது குறைவு. மகனின் காவடிக்குத் துணையாக வரும் அம்மா ஐந்து நிமிடம் காலை நீட்டி உட்கார்ந்து மோர் குடிப்பாரே, அதைப் பொட்டலம் தராது.

நான் பந்தல் பக்கம்தான். ஆள் இல்லையென்றால் பொட்டலம் கட்டுங்கள், ஆனால் வாழையிலையில், கொஞ்சம் கொஞ்சமாக, பக்கத்தில் ஒரு குப்பைத்தொட்டியோடு.