பழைய பித்தளைத் திசைகாட்டியும் பழையதுபோல் செய்ததும்

1820களிலேயே காப்பி பயிரிடத் தொடங்கிய சேர்வராயன் மலையில், தோட்ட பங்களாவிலிருந்து வந்தது என்ற சொல்லோடு ஒரு பித்தளைத் திசைகாட்டி நம் கைக்கு வரும்போது, அது உண்மையில் பழையதா, பழையதுபோல் செய்யப்பட்டதா என்பதை அதன் எடையோ மரப்பெட்டியோ சொல்வதில்லை.

மூடியில் பொறித்த லண்டன் பெயரையும் ஆண்டையும் நான் கடைசியாகவே பார்ப்பேன். புதுப் பிரதிகளிலும் அவை தவறாமல் இருக்கும். பழைய கருவியில் கை பட்ட விளிம்புகள் தேய்ந்து வெளிறியும், கீல் இடுக்குகள் கறுத்தும் காணப்படும். அமிலத்தால் பழுப்பாக்கிய பிரதியிலோ எல்லா இடமும் ஏறத்தாழ ஒரே நிறம். திருகாணித் தலையில் ஒற்றைப் பிளவு இருப்பது மட்டும் சான்றாகாது. ஆனால் கூட்டல் குறி இருந்தால், 1930களுக்கு முந்தைய ஆண்டு பொய்யாக இருக்கவேண்டும், அல்லது திருகாணி பின்னால் மாற்றப்பட்டிருக்கவேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை முள்ளில் இருக்கிறது. பிரிட்டனில் புவியின் காந்தப்புலம் முள்ளின் வடமுனையைக் கீழே இழுப்பதால், அங்கே பயன்படுத்தச் சமன்செய்த முள்ளில் தென்பக்கம் சற்றுக் கனமாக இருக்கும். புவியின் காந்தப்புலம் முள்ளை மேலேயோ கீழேயோ இழுக்காத கோடுதான் காந்த நடுக்கோடு; அதற்கு அருகிலுள்ள சேலத்தில் அந்தத் தென்முனை தாழ்ந்து நிற்கும். இந்தியாவுக்கெனச் சமன்செய்த அசல் கருவி மட்டமாகவே நிற்கும் என்பதால், மட்டமாக நிற்பதை மட்டும் வைத்துப் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. மலிவான பிரதியின் முள், மெல்லத் தட்டிவிட்டால், ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் ஓய்வதுண்டு. இந்தச் சோதனையைக் காந்த இரும்புத் தாது நிறைந்த கஞ்சமலைப் பக்கம் செய்யவேண்டாம். அங்கே நல்ல முள்ளும் திசை மாறக்கூடும்.