பெரிய சபாவா, சின்னக் கூடமா?

சென்னையில் கர்நாடக சங்கீத சீசன் வந்தால் கச்சேரியை எங்கே கேட்பது என்று எனக்கும் சித்தப்பாவுக்கும் சண்டை. கார்த்திகை பாதியில் தொடங்கினால் மார்கழி முடிந்தால்தான் ஓயும். அவர் மியூசிக் அகாடமி கட்சி. நான் சின்னக் கூடங்களின் கட்சி. ஒரே பாடகர் ஒரே வாரத்தில் இரண்டு இடத்திலும் பாடுகிறார் என்றால் சித்தப்பா டி.டி.கே. சாலையில் இருக்கும் அகாடமிக்குப் போவார், நான் மயிலாப்பூர் லஸ்ஸில் இறங்கிக்கொள்வேன். ராத்திரி போனில் கணக்கு பார்ப்போம். "என்ன பாடினார்?" என்று அவர் கேட்பார். "மிருதங்கம் கேட்டீங்களா?" என்று நான் கேட்பேன். இத்தனை வருஷமாக இருவரும் வேறு வேறு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம் என்பது எனக்குப் பிடிபடவே ரொம்ப நாளானது.

முதலில் அவருடைய கட்சி. 1927-ல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928-ல் பிறந்தது மியூசிக் அகாடமி. இப்போதுள்ள அரங்கு 1962-ல் திறக்கப்பட்டது. கிட்டத்தட்ட 1,600 பேர் உட்காரலாம். மாலைக் கச்சேரி இரண்டரை மணி நேரம், ராகம் தானம் பல்லவி என்ற பெரிய உருப்படியை எதிர்பார்த்துப் போகலாம். திரை தூக்குவதில் கடிகாரத்தை ஏமாற்ற மாட்டார்கள். பாடுகிறவர்களும் இந்த ஒரு மேடைக்காக மாதக்கணக்கில் தயாராகி வருவார்கள், அது பாட்டில் தெரியும். பெரிய ராகத்தை விரிக்கும் ஆலாபனை மேல் ஷட்ஜத்தில் (மேல் ‘ஸ’வில்) போய் நிற்கும்போது அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பால்கனியில் இருந்து ஒரு முறையாவது அனுபவிக்க வேண்டும். இந்த விஷயத்தில் சித்தப்பாவோடு எனக்கு வழக்கே இல்லை.

என் கட்சிக்கு ஒரே முகவரி கிடையாது. லஸ் அவென்யூவில் ராகசுதா, மயிலாப்பூரிலேயே ஆர்கே கன்வென்ஷன் சென்டர், கிழக்கு மாட வீதி பாரதிய வித்யா பவனின் சின்ன அரங்கு என்று பட்டியல் போகும். அவ்வளவு ஏன், அகாடமி கட்டடத்துக்குள்ளேயே கஸ்தூரி சீனிவாசன் அரங்கு என்று ஒன்று இருக்கிறது. சித்தப்பாவிடம் இதைச் சொன்னால் "அதுவும் அகாடமிதானேப்பா" என்று அதையும் தன் கணக்கில் எழுதிக்கொள்வார்.

ராகசுதாவைப் பார்க்காதவர்களுக்கு: கொஞ்சம் பெரிய வீட்டுக் கூடம் மாதிரி இருக்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் வயலின்காரரின் இடது கை விரல்கள் தெரியும். சீக்கிரம் போனால் இன்னும் நல்லது. மிருதங்கக்காரர் தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், ரவைப் பசையை அப்பி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் வழித்தெடுத்து, மறுபடி தட்டுவார். வலப்பக்கமான வலந்தலையைக் கல்லால் தட்டிச் சுருதிக்குக் கொண்டுவருவார். இந்தப் பத்து நிமிஷம் எந்த டிக்கெட்டிலும் சேராது. பெரிய அரங்கில் இதெல்லாம் திரைக்குப் பின்னால் முடிந்துவிடும்.

நெருக்கம் என்றால் முகம் பார்ப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள். முகம் பார்க்க யூடியூப் போதும். சின்னக் கூடத்தில் கிடைப்பது மெல்லிய சத்தங்கள்: தொப்பியில் கும்கி என்கிற அடிநாதம் இழைந்து எழுவது, பாடகர் சொல்லை முடிக்கும்போது விடும் மூச்சு, பின்னால் விடாமல் மீட்டுகிற தம்புராவின் ரீங்காரம். ஆயிரம் பேருக்கு ஒலிபெருக்கி வைத்த இடத்தில் முதலில் காணாமல் போவது இவைதான். பாட்டு கேட்கும், மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனமும் கேட்கும். ஆனால் கீர்த்தனைக்கு நடுவே, சரணத்துக்குப் போகும் இடத்தில், மிருதங்கம் ஒன்றுமே வாசிக்காமல் அரை ஆவர்த்தனம், அதாவது பாதித் தாளச் சுற்று, விட்டுக்கொடுத்தது கேட்காது. சித்தப்பாவிடம் நான் கேட்கும் கேள்வி அதைப் பற்றித்தான்.

இதில் எனக்கு முன்னோடி வீணை தனம்மாளின் வீடு. ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் வீணை வாசிப்பார், ஊரின் பெரிய வித்வான்கள் எல்லாம் தரையில் உட்கார்ந்து கேட்பார்கள். 1938-ல் அவர் மறைந்துவிட்டார். அந்த வாசிப்பு அவ்வளவு மெல்லியது, யாரும் அசையக்கூட மாட்டார்கள் என்று படித்திருக்கிறேன். அந்த வீட்டுக் கூடத்தை 1,600 நாற்காலிக்கு இழுத்துப் பெருக்கினால் என்ன மிஞ்சும்? இன்று வீணையின் குடத்தில் ஒட்டு மைக்கைப் பொருத்தி அரங்கையே நிரப்புகிறார்கள். கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, வருகிறது. ஆனால் தந்தியைத் தொடும் முன் விரல் தயங்கும் தயக்கமும் சேர்ந்து பூதாகரமாக வருகிறது. வீணைக் கச்சேரிக்குப் பெரிய சபாவுக்குப் போகாதீர்கள் என்று நான் தைரியமாகச் சொல்வேன். புல்லாங்குழலுக்கும் முக்கால்வாசி இதேதான்.

சரி, மைக் என்றால் கெடுதல் என்று பேச வரவில்லை. 1930-களில் கச்சேரி மேடைக்கு மைக் வந்த பிறகுதான் கூட்டத்தின் கடைசி வரிசைக்காகக் குரலை உயர்த்த வேண்டிய கட்டாயம் போனது. அதற்கு முன் உச்சக் கட்டையில், அதாவது உயர்ந்த சுருதியில், பாடும் சாரீரத்துக்குத்தான் மவுசு. 1933-ல் இருபத்தேழு வயதிலேயே இறந்துபோன எஸ்.ஜி. கிட்டப்பா நாடகக் கொட்டகையில் மைக் இல்லாமல் பாடியே புகழ் பெற்றவர். அவர் மாதிரி எல்லோருக்கும் வாய்க்குமா? ஒரு கட்டையில் கீழ் ஸ்தாயியில் நிதானமாக உருட்டிப் பாடுகிறவர்களை இன்று நாம் ரசிப்பதற்கு மைக்கும் ஒரு காரணம்.

பிரச்சினை எங்கே என்றால், சின்னக் கூடத்திலும் பெரிய அரங்கின் ஒலிபெருக்கியையே வைக்கிறார்கள். ஒரு தடவை, பெயர் வேண்டாம், நூறு பேர்கூட இல்லாத கூடத்தில் மூன்றாவது வரிசையில் மாட்டிக்கொண்டேன். தோள் உயரப் பெட்டிகள் இரண்டு பக்கமும் நின்றன. முதலில் பாடும் வர்ணம் முடிவதற்குள் காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி ஆகிவிட்டது. மேடையில் இருந்து "மானிட்டர்ல கொஞ்சம் வயலின் கூட்டுங்க" என்றார்கள். கூட்டினார்கள். பாடகருக்குத் தன் குரல் கேட்கவில்லை, அதையும் கூட்டினார்கள். மிருதங்கக்காரர் சும்மா இருப்பாரா? தனி முடிந்ததும் எனக்குப் பக்கத்தில் இருந்த மாமா பையில் இருந்து பஞ்சை எடுத்து எனக்கும் கொஞ்சம் கொடுத்தார். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார்! அன்றைக்கு அகாடமி பால்கனியில் இருந்த சித்தப்பாவே ஜெயித்தார். அங்கே ஒலியமைப்பைக் கவனிக்கத் தனியாக ஆள் இருக்கிறார், பால்கனிக்கு எல்லாம் சமமாகக் கலந்து வருகிறது.

ஆகவே சின்னக் கூடம் என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிடாதீர்கள். அந்த இடத்தில் சத்தம் எப்படி வைப்பார்கள் என்று போய்வந்த யாரையாவது விசாரியுங்கள். விசாரிக்க ஆள் இல்லையென்றால் ஒலிபெருக்கிக்கு நேரே உட்காராமல் நடுவில், கொஞ்சம் பின்னால் உட்காருங்கள். முதல் வரிசை ஆசை வேண்டாம்.

மைக்கே இல்லாமல் கேட்க வேண்டுமா? லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஞாயிறு காலையில் மைக் இல்லாக் கச்சேரி நடத்துகிறார்கள். பெரும்பாலும் சிறுவர் சிறுமியர்தான் பாடுகிறார்கள், வாசிக்கிறார்கள். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் வியர்வையோடு நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். காக்கை கத்தும், தூரத்தில் ஆட்டோ போகும், ஆனாலும் பத்தடி தள்ளி உட்கார்ந்தால் ஒவ்வொரு ஸ்வரமும் சுத்தமாக விழும். அனுமதி இலவசம். பன்னிரண்டு வயசுப் பையன் கல்யாணி ராகத்தில் தடுமாறி மீண்டு வருவதை அவ்வளவு பக்கத்தில் இருந்து கேட்ட நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பணக் கணக்கில் சின்னக் கூடத்துக்கே வெற்றி. பல கச்சேரிகளுக்கு டிக்கெட்டே இருக்காது, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாம். பெரிய சபாக்களிலும் மதியக் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். இளையவர்கள் பாடுவார்கள், முக்கால் அரங்கு காலியாகக் கிடக்கும். பெரிய அரங்கில் சின்னக் கூட்டம், மைக்கும் அடக்கமாக இருக்கும். இந்த ஒரு நேரத்தில் இரண்டு கட்சியும் கூட்டணி.

சின்னக் கூடத்தில் எனக்குப் பிடிக்காததையும் சொல்லியாக வேண்டும். நடுவில் எழுந்து போக முடியாது. அகாடமியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் ஒரு கூட்டம் கேண்டீனை நோக்கி நகரும். அது மரியாதை இல்லை என்பது வேறு விஷயம், ஆனால் இருட்டில் யாரும் கவனிப்பதில்லை. ராகசுதா மாதிரி இடத்தில் நீங்கள் எழுந்தால் மிருதங்கக்காரர் உங்களை நேராகப் பார்ப்பார். நான் ஒரு தடவை ரயிலுக்காகத் தனியின் நடுவில் எழுந்தேன். அவர் கோர்வையை விடாமல் வாசித்துக்கொண்டே "போய்ட்டு வாங்க" என்கிற மாதிரி தலையை ஆட்டினார். அடுத்த வருஷம் அவர் கச்சேரிக்குக் கடைசியில் வரும் துக்கடா, மங்களம் வரை உட்கார்ந்து கடனைத் தீர்த்தேன்.

சாப்பாட்டில் சித்தப்பாவே கெலிப்பார். சீசன் கேண்டீனில் வாழையிலை போட்டுச் சாப்பிடுவது அவருக்குக் கச்சேரியின் இன்னொரு கிளை. சின்னக் கூடத்தில் கேண்டீன் ஏது? பவனுக்குப் போனால் அதே வீதியில் கற்பகாம்பாள் மெஸ், கொஞ்சம் நடந்தால் காளத்தி கடை ரோஸ் மில்க். எனக்கு அது போதும். வண்டி நிறுத்த இடம் தேடுவதில் மட்டும் இருவருக்கும் ஒரே தலைவலி. மெட்ரோ வேலை ஆரம்பித்ததில் இருந்து லஸ் பக்கம் காரை எடுத்துப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கி நடந்துவிடுங்கள்.

இரண்டு கட்சிக்குமே அடங்காத வாத்தியம் நாகஸ்வரம். நாலு சுவருக்குள் தவிலோடு கேட்டால் சுவர் அதிரும், நம் பல்லும் அதிரும். அதற்குப் பெரிய சபாவும் வேண்டாம், சின்னக் கூடமும் வேண்டாம். பங்குனியில் கபாலீஸ்வரர் கோயில் உற்சவத்துக்குப் போய், சுவாமி புறப்படும்போது வாசிக்கும் மல்லாரியை மாட வீதியில் நின்று கேளுங்கள். மல்லாரி வாசிக்கும் ராகத்துக்குக் கம்பீரநாட்டை என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது. நடுவே தேங்காய் உடைப்பார்கள், குழந்தை அழும், அதெல்லாம் அந்த வாசிப்பை ஒன்றும் செய்யாது.

வீட்டில் உட்கார்ந்து நேரலையில் பார்ப்பதையும் இப்போது ஒரு கட்சியாகச் சொல்கிறார்கள். ராகசுதாவில் நடக்கும் கச்சேரிகளைப் பரிவாதினி அமைப்பு யூடியூபில் தந்திருக்கிறது, நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். நல்ல ஹெட்போன் இருந்தால் கும்கிகூடக் கேட்கும். ஆனால் குக்கர் விசில் வந்தால் எழுந்து போகிறோம், அங்கே தலையாட்ட மிருதங்கக்காரரும் இல்லை.

போன வருஷம் சித்தப்பாவை வலுக்கட்டாயமாக ஒரு வீணைக் கச்சேரிக்கு லஸ்ஸுக்குக் கூட்டிப் போனேன். ஒலிபெருக்கியை அடக்கமாக வைத்திருந்தார்கள், அது என் அதிர்ஷ்டம். வராளி ஆலாபனை முடிகிற வரை அவர் பேசவில்லை. கீர்த்தனைக்கு முன் என் பக்கம் சாய்ந்து, "ஏம்ப்பா, தம்புரா கேக்குது" என்றார்.

இந்த டிசம்பருக்கு ஓர் உடன்பாடு செய்துகொண்டிருக்கிறோம். மாலைப் பாட்டுக் கச்சேரி மூன்று, அவரோடு அகாடமி பால்கனியில். வீணையும் குழலும் என்னோடு லஸ்ஸில். பல்லவியில் எத்தனை களை (தாளம் எவ்வளவு விரிகிறது), எங்கே எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) என்று அவர் எனக்குச் சொல்லித்தர வேண்டும். காதில் வைக்கப் பஞ்சு கொண்டுவருவது என் பொறுப்பு.