தவறிய சோதனையை மட்டும் மீண்டும் ஓட்டக் கியுவா எவ்வளவு உதவும்?

ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத்துடன் சேர்ந்தே வரும், நிரல்கள் சரியாக இயங்குகின்றனவா என்று பார்க்கும் கியுவா என்னும் சோதனைக் கருவியை, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் என் அறையிலுள்ள பழைய மடிக்கணனியில் பாவித்து வருகிறேன். யாழ்ப்பாணத்தில் லினக்ஸ் தெரிந்தவர்களைத் தேடிப் பிடிக்கலாம். ஃபிரீபிஎஸ்டி பற்றி நேரில் கேட்க எனக்கு ஒருவரும் அகப்படவில்லை. ஆகவே, எங்கே பிழை நேர்ந்தது என்பதைக் கருவியே விளங்கச் சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்தேன்.

அந்த வகையில் கியுவா ஏமாற்றவில்லை. நெட்பிஎஸ்டி என்னும் இன்னொரு இயங்குதளத்துக்காக 2007 இல் ஏடிஎஃப் என்ற சோதனைக் கட்டமைப்பைத் தொடங்கிய ஜூலியோ மெரினோவே பின்னர் இதையும் எழுதினார். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவுகளும் எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பாகச் சேமிக்கப்படுவதால், இரவில் முழுத் தொகுதியையும் ஓடவிட்டு, காலையில் தவறியவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். எதிர்பார்த்த விடை வராத சோதனையை ‘ஃபெயில்ட்’ என்றும், இடையில் நொறுங்கிய அல்லது நேர எல்லையைத் தாண்டிய சோதனையை ‘புரோக்கன்’ என்றும் அது பிரித்துக் காட்டுகிறது. அந்த எல்லை வழமையாக 300 விநாடிகள் என்பதால், மெதுவான கணனியில் ‘புரோக்கன்’ என்று கண்டவுடன் நிரலைக் குறைசொல்லக் கூடாது.

நான் அதிகம் நம்பியிருப்பது ‘டிபக்’ கட்டளையை. சோதனை நிரலின் பாதையையும், முக்காற்புள்ளியிட்டுச் சோதனையின் பெயரையும் கொடுத்தால், அந்த ஒன்று மட்டும் ஓடி, அதன் வெளியீடு முழுவதும் நேரே திரையில் விழுகிறது. இந்த ஓட்டம் முடிவுக் கோப்பில் பதியப்படுவதில்லை என்பதால் முதல் அறிக்கை கலையாமல் இருக்கும்.

குறையும் இங்கேதான். தவறிய அனைத்தையும் ஒரே கட்டளையில் மீண்டும் ஓட்ட வழியில்லை. அறிக்கையிலிருந்து பெயர்களைப் பிரித்தெடுத்து ‘டெஸ்ட்’ கட்டளைக்கு நாமே ஊட்டவேண்டும். சிறு ஷெல் நிரல் போதும்தான், ஆனால் இத்தனை காலம் பழகிய கருவியில் அதை எழுதவேண்டியிருப்பது எரிச்சல் தருகிறது. மேலும், பல சோதனைகளைச் சமாந்தரமாக ஓட்டும்போது ஒன்றோடொன்று மோதித் தவறியது, தனியே ஓட்டினால் இலகுவாகத் தேறிவிடும். அதைக் கண்டு பிழை தீர்ந்ததென்று அறிக்கையிடுவது ஆபத்து. அத்தகையவற்றை ஒரே நேரத்தில் ஒன்று என்ற அமைப்பிலும் சமாந்தரமாகவும் மாறிமாறி ஓட்டி ஒப்பிடுகிறேன்.

ரூட் எனும் முழு நிர்வாக உரிமை வேண்டும் சோதனைகள், சாதாரணப் பயனர் ஓட்டும்போது ‘ஃபெயில்ட்’ என்றல்ல, ‘ஸ்கிப்ட்’ என்றே பதிவாகும். ரூட் உரிமை தேவைப்படும் பிஎஃப் தீச்சுவர்ச் சோதனைகளை ஓட்ட விரும்புவோர் அந்த எண்ணிக்கையை முதலில் பார்க்கட்டும்.